நீல அட்டை, பெயர் தெரியாது

மார்ச் 2

இன்று முதல் நூலகர் மன்றத்துக்கு நான்தான் மட்டுறுத்துநர். செண்பகத்திடம் சொன்னேன். தோசையைத் திருப்பிக்கொண்டே, "அப்படின்னா? வாட்ச்மேனா?" என்று கேட்டாள். முப்பது வருடம் ஒரு நூலகரோடு குடும்பம் நடத்திய மனைவி கேட்கிற கேள்வியா இது?

மன்றம் என்பது கைபேசியில் நடக்கும் குழு. தென் மாவட்டங்களின் கல்லூரி, பள்ளி, கிளை நூலகர்கள் முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறோம். ஆரம்பித்தவர் மதுரை மீனலோசனி அம்மா. அவருக்கு மூட்டு அறுவை சிகிச்சை. நேற்று போனில் கூப்பிட்டார்.

"ஆவுடையப்பன், மே முடியிற வரைக்கும் நீங்க பாத்துக்கங்க. நல்லாப் போச்சுன்னா அப்புறம் நீங்களே நிரந்தரமா வச்சுக்கங்க. எனக்கும் முன்ன மாதிரி முடியல."

மே கடைசியில்தான் நான் கல்லூரியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "ஜூன்லருந்து உங்கட்ட யாரு வந்து என்ன கேக்கப் போறா?" என்று செண்பகம்தான் அடிக்கடி சொல்கிறாள். நான் அதை நினைப்பதே கிடையாது. ஆனால் இந்தக் குழு என் கைக்கு நிரந்தரமாக வந்துவிட வேண்டும். அதற்கு நடத்திக் காட்ட வேண்டும்.

மார்ச் 3

குழுவின் பழைய பதிவுகளை உட்கார்ந்து படித்தேன். தலை சுற்றுகிறது.

கடையநல்லூர் பள்ளி நூலகர் காதர் மைதீன் தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ படம் போடுகிறார். மேலே 'இனிய காலை வணக்கம்' என்று மினுமினுக்கிறது. அதற்கு எழுபது பேர் பதில் ரோஜா போடுகிறார்கள். இது நூலகர் குழுவா, பூக்கடையா?

அதைவிட மோசம் நாசரேத் கிளை நூலகர் எஸ்தர் கிருபா. அவர் பதிவு இது: "வாசகர் ஒருத்தர் கேக்காரு. நீல அட்டை. பேரு தெரியாது. உள்ள ஒரு போலீஸ்காரர் தையல் மிஷின் வாங்குவாராம். யாருக்காவது தெரியுமா?" அதன் கீழே நூற்றுக்கும் மேல் பதில்கள். பாதி கேலி. "போலீஸ்காரர் துணியையும் பறிமுதல் பண்ணினாரா?" என்று ஒருவர். புத்தகம் கடைசியில் கிடைத்துவிட்டது என்பது வேறு விஷயம். டாக்டர் ஒருவர் இன்னொரு டாக்டரிடம் 'அந்த வெள்ளை மாத்திரை பேரென்ன?' என்று கேட்பாரா? அட்டையின் நிறத்தை வைத்துப் புத்தகம் தேடுவது நம் தொழிலுக்கே இழுக்கு.

நாளை விதிகள் எழுதப் போகிறேன்.

மார்ச் 4

ஆறு விதிகள் வெளியிட்டேன். இனி யார் எது எழுதினாலும் முதலில் என் கைபேசிக்கு வந்து நிற்கும். நான் 'அனுமதி' என்று தட்டினால்தான் மற்றவர்களுக்குப் போகும். முக்கியமானவை:

விதி 3: ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பும் வகைப்பாட்டு எண்ணும் கட்டாயம். அலமாரியில் புத்தகத்துக்கு எண் இருக்கிற மாதிரி.

விதி 3.1: நூலின் பெயரோ ஆசிரியர் பெயரோ இல்லாத தேடல்கள் ஏற்கப்படா. அட்டையின் நிறம் நூல் விவரம் ஆகாது.

விதி 4: காலை வணக்கம் கூடாது.

எழுதி முடித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. சமையல் எரிவாயுவுக்குப் பதிந்தேன்.

மார்ச் 5

காதர் மைதீன் ஒரு பதிவு அனுப்பியிருக்கிறார். தலைப்பு: தோட்டக்கலை. வகைப்பாட்டு எண்: 635.9. உள்ளே அதே ரோஜாப்பூ, வணக்கம் மட்டும் இல்லை.

எண் சரியாக இருக்கிறது. தசம வகைப்பாட்டில் பூச்செடிகளின் இடம் அதுதான். விதிப்படி குற்றம் சொல்ல முடியவில்லை. அனுமதித்தேன். உடனே விதி 4.1 சேர்த்தேன்: எந்த எண்ணின் கீழும் பூ கூடாது.

மார்ச் 9

கிளை நூலகர்கள் கொடி பிடித்துவிட்டார்கள். அவர்கள் நூலகங்களில் கோலன் வகைப்பாடு. கல்லூரிகளில் டூயியின் தசம வகைப்பாடு. எதன்படி எண் போடுவது என்று இரண்டு நாள் ரகளை. எதன்படியும் போடலாம் என்று தீர்ப்பு சொன்னேன். கோலன்காரர்கள் வென்றதாக நினைக்கிறார்கள், டூயிகாரர்களும் அப்படியே.

எஸ்தர் கிருபாவின் தேடல் ஒன்றை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். சிவப்பு அட்டையாம். மூன்றாவது முறை எனக்குத் தனியாக எழுதியிருந்தார்.

"சார், வாசகர் என் முன்னாடி நிக்காரு. அவருக்குப் புத்தகத்தோட பேரு தெரிஞ்சா எங்கிட்ட எதுக்கு வாராரு?"

வாதம் தவறு. ஏன் தவறு என்பதை நாளை விளக்கமாக எழுதுகிறேன்.

மார்ச் 10

மாவு அரைக்கக் கொடுத்தேன்.

மார்ச் 18

பதிவுகள் நன்றாகக் குறைந்திருக்கின்றன. போன மாதம் ஒரு நாளைக்கு எழுபது எண்பது வந்த இடத்தில் இப்போது ஐந்தாறு. ஒழுங்கு வருகிறது. மீனலோசனி அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு சிரிக்கிற முகம் மட்டும் பதிலாக வந்தது. அறுவை சிகிச்சை முடிந்த நிலையிலும் மகிழ்ச்சி அடைந்திருக்கிறார்.

மார்ச் 27

வேப்பம்பூ ரசம். சாப்பிடும்போது செண்பகம் பழைய பாட்டை ஆரம்பித்தாள்.

இதை எழுதிவைக்க வேண்டும். எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம் கோவில்பட்டியில் அவள் ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கிற ஒருவர். தபால்காரர் தவறுதலாக வேறு யாருக்கோ வந்த கடிதங்களை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். இவர் அவற்றுக்குப் பதில் போட ஆரம்பித்துவிடுகிறார். கடைசியில் கடிதம் எழுதிய பெண் அவரைப் பார்க்கப் படகில் கிளம்புகிறாள். காற்று அடிக்கிறது. அந்த இடத்தில் செண்பகத்தின் அப்பா, "கல்யாண வேலையப் பாரு" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசி அத்தியாயம் பாக்கி.

கல்யாணம் ஆன முதல் வாரம் என்னிடம் கேட்டாள். பெயர் என்ன, ஆசிரியர் யார் என்றேன். தெரியாது என்றாள். விவரம் போதாது என்றேன்.

"நாடே கும்பிடுற நூலகர்னு கட்டி வச்சாங்க. படகு கரைக்கு வந்துச்சா இல்லியான்னு இன்னும் தெரியல. ரிட்டயர் ஆகுமுன்னயாவது சொல்லுவீங்களா?"

"பேர் இல்லாம எப்படித் தேட?"

"அதான் விதி போட்டாச்சே" என்று ரசத்தை ஊற்றினாள். விதி 3.1 அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் படித்துக் காட்டியிருக்கிறேன் போல.

ஏப்ரல் 6

இன்று ஒரு பதிவுகூட வரவில்லை. பூரண ஒழுங்கு.

ஏப்ரல் 8

ஒரு பதிவு வந்தது. விருதுநகரில் இரும்பு அலமாரி விற்பவர், பெயர் தனபாலன். தலைப்பு, வகைப்பாட்டு எண் எல்லாம் கச்சிதம். 'ஐந்து தட்டு அலமாரி, துருப்பிடிக்காத பூச்சு.' அனுமதித்தேன். "உங்கள் குழுபோல் ஒழுங்கான குழுவை நான் கண்டதில்லை சார்" என்று தனியாகவும் எழுதியிருந்தார். படித்த மனிதர்.

ஏப்ரல் 15

திருநெல்வேலியில் நூலகர்களுக்கு ஒருநாள் பயிலரங்கு. மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் காதர் மைதீன், எஸ்தர் கிருபா இன்னும் பத்துப் பேர் ஒரே கைபேசியைச் சுற்றி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் தட்டோடு பக்கத்தில் போனதும் எல்லோருக்கும் திடீரென்று சாம்பார் மேல் கவனம் வந்துவிட்டது.

"என்ன விஷயம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார், ஒரு நீல அட்டை" என்றார் எஸ்தர். காதர் மைதீன் அவர் காலை மிதித்த மாதிரி இருந்தது.

என் தட்டில் அப்பளம் இரண்டு வைத்தார்கள். எல்லோரும் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். திரும்பும் பேருந்தில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. சாப்பாடு சுமார்.

ஏப்ரல் 22

தேர்வு முடிந்து போகிற மாணவர்களுக்கு நூலக நிலுவை இல்லை என்று கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கை வலிக்கிறது. இனி இவர்கள் என்னைத் தேட மாட்டார்கள், நானும் இவர்களைத் தேட மாட்டேன்.

தனபாலன் இன்று சுழலும் அலமாரி போட்டிருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லையே என்று நானே 'நன்று' என்று எழுதினேன்.

மே 3

காதர் மைதீனிடமிருந்து ஒரு பதிவு வந்தது. தலைப்பு இல்லை. வகைப்பாட்டு எண் இல்லை. விதி 3-இன்படி திருப்பி அனுப்பினேன்.

சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெயில்.

மே 4

மொட்டை மாடியில் கூழ் வத்தல் பிழிந்தோம். எனக்குக் காக்கா விரட்டுகிற வேலை. நேற்று வந்த பதிவை இங்கே எழுதி வைக்கிறேன், ஒரு ஆவணத்துக்காக மட்டும்:

"எஸ்தர், நம்ம நீல அட்டைக் குழுவுல ஆவுடையப்பன் சாரையும் சேத்துருவமா? மன்றத்துல மனுசன் அலமாரிக்காரரோட தனியா உக்காந்திருக்காரு. பாக்கப் பாவமா இருக்கு."

அவசரத்தில் குழு மாறித் தட்டிவிட்டார். நான் திருப்பி அனுப்பியதும்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தனியாக எழுதினார்: "சார் மன்னிச்சுக்கங்க சார். தலைப்புப் போட்டு அனுப்பட்டா?"

ஆக, மார்ச் மாதமே எல்லோரும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த மைதானத்துக்குப் போய்விட்டார்கள். நான் காலி மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒழுங்காம் ஒழுங்கு.

எனக்கு வலித்தது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

மே 6

இன்றும் காக்கா. செண்பகம் மோரோடு மாடிக்கு வந்தாள்.

"மூணு நாளா மூஞ்சி வத்தல் மாதிரி சுருங்கிக் கெடக்கு. என்னாச்சு?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரோஜாப்பூ, சாம்பார், அலமாரி எல்லாம். ஜூன் மாதம் கையில் ஒன்றுமே இருக்காது என்பதையும் சொன்னேன். நூலகம் இல்லை, குழுவும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறிவிட்டது. தூசி.

செண்பகம் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள்.

"இது எனக்குப் புதுசா? கல்யாணமான முத வாரமே என்னையும் இப்படித்தான விவரம் பத்தாதுன்னு திருப்பி விட்டீங்க. நான் உங்கள விட்டுட்டா போயிட்டேன்? அவங்களும் எங்கயும் போகல. அடுத்த ரூமுலதான் இருக்காங்க. போயி கதவத் தட்டுங்க."

"என்னன்னு தட்ட?"

"தெறக்கச் சொல்லித்தான். அங்க காக்கா பாருங்க!"

இரண்டு வரிசை வத்தல் போய்விட்டது.

மே 7

எஸ்தர் கிருபாவுக்கு எழுதினேன். எழுதி, அழித்து, எழுதி. கடைசியில் அனுப்பியது: "நீல அட்டையில் எனக்கும் இடம் உண்டா?"

உடனே கூப்பிட்டுவிட்டார்.

"சார்! எப்ப கேப்பீங்கன்னுதான் இருந்தோம். ஆனா இங்க ஒரே ஒரு விதி இருக்கு சார்."

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "சொல்லுங்க. எத்தனையாவது விதி?"

"நம்பர்லாம் இல்ல சார். புதுசா வாரவங்க ஒரு நீல அட்டைக் கேள்வி கேக்கணும். பேரு தெரியாத புத்தகமா இருக்கணும். தெரிஞ்சா சேக்க மாட்டோம்."

முப்பது வருடமாக என் வீட்டிலேயே ஒரு கேள்வி கிடக்கிறது. செண்பகத்திடம் போய் அட்டை என்ன நிறம் என்று கேட்டேன். இந்த வாயால் அதைக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"அட்டை எங்க இருந்துச்சு? அது கிழிஞ்சு காலண்டர் தாளப் போட்டு ஒட்டியிருந்தாங்க. முருகன் படம்."

எழுதினேன்: 'கலங்கரை விளக்கம். மாறி வந்த கடிதங்கள். ஒரு பெண் படகில் வருகிறாள். அட்டை: காலண்டர் தாள், முருகன். பெயர் தெரியாது. படகு கரைக்கு வந்ததா என்று என் மனைவிக்குத் தெரிய வேண்டும்.'

கைபேசி துடிக்க ஆரம்பித்தது. "சார், முருகன் தனியா, வள்ளி தெய்வானையோடயா?" "அட்டைய வச்சுப் பாத்தா எண் 294.5 சார், சமய நூல் தட்டுல போய்த் தேடுங்க." "தபால்காரர சஸ்பெண்ட் பண்ணாங்களா இல்லியா?" கூட்டத்தின் நடுவே காதர் மைதீனிடமிருந்து எனக்கென்று தனியாக ஒரு ரோஜாப்பூ.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுப்படியிலிருந்து செண்பகம் கரண்டியோடு ஓடி வந்து பார்த்தாள்.

மே 9

கேலி செய்தவர்கள்தான் தேடவும் செய்கிறார்கள். வேதாரண்யத்தில் ஒருவர் கடல் சம்பந்தமான நாவல்கள் இருக்கிற தட்டு முழுவதையும் இறக்கிப் பார்த்திருக்கிறார். இராமநாதபுரத்தில் ஒருவர் ஓய்வு பெற்ற கலங்கரை விளக்க ஊழியரையே பிடித்துவிட்டார். அவருக்குக் கதை தெரியாது, ஆனால் விளக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாராம்.

நான் கல்லூரிக்குப் போய்வந்தேன். கத்திரிக்காய் வாங்கினேன்.

மே 12

கிடைத்துவிட்டது!

நாசரேத்தில், எஸ்தர் நூலகத்தின் பின்னறையில். பழசாகிவிட்டது, யாரும் எடுப்பதில்லை என்று கழித்துவிடக் கட்டி வைத்திருந்த மூட்டையில். அடுத்த வாரம் எடைக்குப் போயிருக்கும். முருகன் இல்லை, இது வேறு பிரதி. கடைசி அத்தியாயம் முழுதாக இருக்கிறது. ஆனால் தலைப்புப் பக்கம் கிழிந்துபோய்விட்டது. எனவே பெயர் இன்னும் தெரியாது.

அட்டை என்ன நிறம் என்று கேட்டேன். எஸ்தருக்குப் பேச முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. "நீலம் சார். சத்தியமா நீலம்."

மே 13

எஸ்தர் கடைசி அத்தியாயத்தைப் படமெடுத்து அனுப்பினார். சாயந்தரம் செண்பகத்தை நாற்காலியில் உட்கார வைத்து, கைபேசியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துக் காட்டினேன். காற்று அடித்தது. படகு ஆடியது. செண்பகம் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

படகு கரைக்கு வந்துவிட்டது. விளக்குக்காரர் படி இறங்கி ஓடி வருகிறார். கடிதத்தில் அப்படியெல்லாம் எழுதிய மனிதருக்கு நேரில் ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறார். முற்றும்.

செண்பகம் முறுக்கின முந்தானையை விட்டாள். பிறகு, "இம்புட்டுத்தானா?" என்றாள். "முப்பது வருசத்துல அவள எத்தன தடவ கடல்ல முக்கி எடுத்திருப்பேன்! ஒரு தடவ சுறா வந்து கொண்டுபோச்சு."

"பிடிக்கலியா?"

"பிடிக்கலன்னு யாரு சொன்னா? கல்யாணத்தன்னைக்கு எங்கிட்ட நீங்க மொத மொத என்ன கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதேதான் கேட்டேன்.

அப்பளம் பொரித்தாள். இரண்டு பேரும் மாடிக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

மே 20

மீனலோசனி அம்மாவைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளையாக உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். "அம்மா, மன்றம் காலியாகிவிட்டது. நான்தான் காலி செய்தேன். அதை எனக்குத் தர வேண்டாம். எஸ்தர் கிருபாவிடம் கொடுங்கள்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஆவுடையப்பன், நானே நீல அட்டையிலதான இருக்கேன்! அந்தச் சிவப்பு அட்டைய நீங்க மூணாவது தடவ திருப்பி விட்ட அன்னைக்கே எஸ்தர் என்னைச் சேத்துட்டா. உங்க முருகன் கேள்விக்கு, வேல் எந்தக் கையிலன்னு வேற நம்பர்லருந்து கேட்டது யாருன்னு நெனைக்கிறீங்க?"

"அப்பவே ஏன் சொல்லல அம்மா?"

"சொல்லியிருந்தா ஏழாவது விதி போட்டிருப்பீங்க."

போட்டிருப்பேன்தான். எஸ்தரும் மன்றம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அங்கே இருப்பது தனபாலன் ஒருவர்தான் என்பதால் அதை அவருக்கே விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. சந்தோஷத்தில் தனபாலன் எனக்கு ஒரு சின்ன அலமாரி தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். செண்பகம் வேண்டும் என்றாள், வத்தல் டப்பாக்கள் வைக்க.

ஆக, என் கைக்கு எதுவும் வரவில்லை. நீல அட்டையில் முந்நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவன். அவ்வளவுதான்.

மே 31

மாலை, சால்வை, கல்லூரி முதல்வர் பேச்சு. சாவிக்கொத்தைக் கொடுத்தேன். சட்டைப்பை லேசாக இருந்தது.

ஜூன் 1

வழக்கம்போல எழுந்து, குளித்து, சட்டை மாட்டி, பேனாவைப் பையில் குத்திக்கொண்டேன். பிறகுதான் போக இடம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. செண்பகம் பார்த்தாள். காபியை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

செய்தித்தாளை விளம்பரம் உட்பட படித்தேன். நூலகம் திறக்கிற நேரம் வந்தது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்தேன். இந்த நேரத்துக்கு மேசைக்கு முன்னால் யாராவது வந்து நின்று தலையைச் சொறிவார்கள். 'சார், அந்தப் புக்கு...' என்று இழுப்பார்கள். எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்பதை இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கைபேசி ஒலித்தது. நீல அட்டை. காதர் மைதீன்.

"ஆவுடையப்பன் சார், இருக்கீங்களா? பள்ளிக்கூடத்துல அட்மிஷனுக்கு வந்த ஒரு அம்மா, சும்மா நூலகத்தயும் எட்டிப் பாத்தாங்க. சின்னதுல படிச்ச புத்தகமாம். பச்சை அட்டை. ஒரு வக்கீல், ஒரு ஆடு. கடைசில கேஸுல ஆடு ஜெயிச்சுரும். பேரு தெரியல. குழுவுல யாருக்கும் பிடிபடல. எஸ்தர் சொல்லுதா, இதுக்கு நீங்கதான் சரியான ஆளுன்னு."

ஆடு. வக்கீல். கண்ணை மூடினேன். எங்கள் நூலகத்தில் ஜன்னலோரத் தட்டு, கீழிருந்து இரண்டாவது வரிசை, ஓரத்தில் மைக்கறை. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் ஒழுகும் என்று நானே இடம் மாற்றி வைத்த புத்தகம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துக்கொண்டேன். செண்பகம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டினேன்:

"தெரியும். அந்த அம்மாவைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள்."